அவன் கூற்றும் அவள் கூற்றும்: அற்புதக் காதற்கதை எழுதப் புகுவோர்க்குச் சில குறிப்புகள்

விழா மலர்களின் மாணவர் பகுதியை விடாது படிக்கும் வழக்கமுடையவன் யான். கட்டுரைகளைக் காட்டிலும் கதைகளையே முதலிற் படிப்பேன் என்பதையும் ஒளியாது சொல்லிவிடுகின்றேன். அண்மைக் காலத்து மாணவர் எழுதும் கதைகளில் அற்புதம் மிகுந்து வருகின்றது. நாகலோகத்து அரசகுமாரி, சாபத்தால் மரமாகிய வீரன், நிலவொளியில் மாத்திரம் தோன்றும் நகரம் என்று கற்பனை எங்கெங்கோ செல்கின்றது. ஆங்கிலத்திலே இத்தகைய காதற்கதைகள், ஓர் அத்தியாயம் அவள் வாய்மொழியாகவும் அடுத்த அத்தியாயம் அவன் வாய்மொழியாகவும் மாறி மாறி எழுதப்பெற்றுப் பெருந்தொகையாக விற்பனையாகின்றன. அவற்றைப் படித்த மாணவன் ஒருவன் ஒருநாள் மாலை எங்கள் வீட்டு விறாந்தையில் வந்திருந்து, "ஐயா, இந்த முறையிலே தமிழில் எழுதினால் பொருந்துமோ?" என்று கேட்டான்.

"நம் முன்னோர் எல்லாவற்றையும் அன்றே செய்து முடித்துவிட்டனர்" என்று விடையிறுத்து அவனை அனுப்பியிருக்கலாம். அது சோம்பேறியின் விடை. முன்னோர் செய்தது எது, செய்யாது விட்டது எது என்று பிரித்துக் காட்டினாலன்றி எழுதப் புகுவோனுக்குப் பயனில்லை. அன்று அவனுக்குத் துண்டுதுண்டாகச் சொன்னவற்றையே ஈண்டு ஒருவாறு தொகுத்து எழுதுகின்றேன்.

தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளின் உறுப்புக்களென முப்பத்துநான்கினை எண்ணுகின்றார். மாத்திரை, எழுத்து, அசை, சீர் என்பவற்றைப் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் மாணவர், அந்தப் பட்டியலின் பிற்பகுதியை விரைந்து கடந்து செல்வர். கூற்று, கேட்போர், களன், காலம், முன்னம் முதலியன அங்கேதான் இருக்கின்றன. பேசுகின்றவர் யார், யாருக்குப் பேசுகின்றார், எவ்விடத்தில், எப்பொழுது என்பன முதல் நான்கு. முன்னம் என்பது சற்று நுட்பமானது. இவ்விடத்தில் இம்மொழியை இன்னார் இன்னார்க்குச் சொல்லுதல் பொருந்தும் என்று, பெயர் கூறாமலே, கேட்போன் உய்த்துணரும்படி அமைப்பது அது. பேராசிரியர் உரையோடு கூடிய பொருளதிகாரப் பகுதியைச் சி. கணேசையரின் குறிப்புக்களுடன் சுன்னாகத்திலே நா. பொன்னையா அச்சிட்டு வெளியிட்டார். அந்நூல் கிடைப்பின் முன்னத்திற்குரிய பகுதியை மாத்திரமாவது படித்துப் பாருங்கள். அத்தியாயத்தின் தலையில் "அவன்" என்றும் "அவள்" என்றும் பெயர்ப்பலகை தொங்கவிடுவது பிற்காலத்து ஏற்பாடு. பலகையைக் கழற்றிவிட்டாலும் முதல் மூன்று வாக்கியத்துள் பேசுகின்றவர் யாரென்று தெரியவேண்டும். தெரியவில்லையாயின் அந்த அத்தியாயத்திற்கு முன்னம் அமையவில்லை.

அகப்பாடல் பாடிய புலவர் தம்மை முற்றாக மறைத்துக்கொள்வர். ஈழத்தைத் தம் பெயரோடு தாங்கிய பூதன்தேவனாருக்குச் சங்கத்தொகைகளில் ஏழு பாடல்கள் உள. அவற்றுள் குறுந்தொகையிற் சேர்ந்தவை மூன்று. ஒன்று, வினைமேற் செல்லும் தலைவன் பாகனுக்குச் சொல்வது. மற்றொன்று, தோழி தலைவிக்குச் சொல்வது. மூன்றாவது, தலைவி தன் நெஞ்சின் துயரைத் தோழிக்குப் புலப்படுத்துவது. மூன்று பாடல், மூன்று வாய். பூதன்தேவனார் என்ற மனிதர் எப்படிப்பட்டவர் என்பதற்கு அவற்றில் யாதொரு தடயமும் இல்லை. இக்காலக் கதாசிரியருக்கு இஃது எளிதன்று. தலைவி பேசத் தொடங்கிய நாலாம் வரியில் ஆசிரியரின் சொற்பொழிவு வந்து புகுந்துவிடுகின்றது.

ஆயினும் ஒன்று. அகப்பாட்டு ஒரு கணத்தைச் சொல்வது, அது கதையன்று. ஒரே நிகழ்ச்சியை இருவர் பார்வையிலும் காட்டுகின்ற வித்தையை நாம் வேறிடத்திலே தேடவேண்டும். எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஒரு தும்மல்.

காமத்துப்பால் 25 அதிகாரங்களும் 250 குறள்களும் உடையது. பரிமேலழகர் அதனைக் களவியல், கற்பியல் எனப் பிரித்து முதலாவதற்கு ஏழு அதிகாரமும் இரண்டாவதற்குப் பதினெட்டு அதிகாரமும் வைத்தார். பழைய உரைகாரருள் வேறொரு சாரார் ஆண்பாற் கூற்று, பெண்பாற் கூற்று, இருபாற் கூற்று என மூன்றாக வகுத்தனர். எனக்கு இப்பிரிவிலே விருப்பம் மிகுதி. முதலில் அவன் பேசுகின்றான். பிறகு நெடுநேரம் அவள் பேசுகின்றாள். ஈற்றிலே இருவரும் கலந்து பேசுகின்றனர். ஒருவர் பின் ஒருவர் ஒழுங்காக முறைவைத்துப் பேசவேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. பிரிவின் சுமை யார்மேல் விழுந்ததோ அவருக்கே நீண்ட முறை கிடைத்தது.

இனித் தும்மலுக்கு வருவோம். ஒருவரை மற்றொருவர் நினைத்தால் நினைக்கப்பட்டவருக்குத் தும்மல் வரும் என்பது பழைய நம்பிக்கை. (இன்று அந்தப் பழி விக்கல்மேல் விழுந்திருக்கின்றது; தும்மலுக்கு "நூறு" என்று வாழ்த்துவதோடு நம் பாட்டிமார் நிறுத்திக்கொள்வர்.) புலவி நுணுக்கம் என்ற அதிகாரத்திலே தலைவி சொல்கின்றாள்: யான் பிணங்கிப் பேசாதிருந்தேன், அவர் தும்மினார், வாழ்த்துரைப்பதற்காகவேனும் யான் வாய்திறப்பேன் என்பது அவருக்குத் தெரியும். அவள் கணக்கில் அந்தத் தும்மல் ஒரு தந்திரம். அதே அதிகாரத்தில் ஐந்து குறள் தள்ளித் தலைவன் வருகின்றான்: யான் தும்மினேன், அவள் வாழ்த்தினாள், வாழ்த்திய வாயாலேயே, எவள் நினைத்ததனால் இந்தத் தும்மல் வந்தது என்று கேட்டு அழுதுவிட்டாள். அடுத்த குறளில், பயந்து தும்மலை அடக்குகின்றான், அடக்கியதும் குற்றமாகிவிடுகின்றது.

இவை ஒரே நாளில் வந்த ஒரே தும்மல் என்று கொள்ளவேண்டியதில்லை. நாம் கவனிக்கவேண்டியது, ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லாமை. அவள் கூற்றிலே அவன் தந்திரக்காரன். அவன் கூற்றிலே அவன் பரிதாபத்துக்குரியவன். இருவரும் பொய் சொல்லவில்லை. மாறிமாறிக் கூறும் கதைகளில் மாணவர் செய்யும் பெரும் பிழை, அவள் அத்தியாயத்தில் நடந்த சந்திப்பை அவன் அத்தியாயத்தில் மீண்டும் முதலிலிருந்து நடத்துவது. வாசகன் ஒருமுறை ஏறிய படியில் மறுபடியும் ஏறுகின்றான். இரண்டாவது கூற்று, முதற் கூற்றுக்கு எட்டாத ஒன்றைக் கொண்டுவருமாயின் அந்நிகழ்ச்சியை மீண்டும் தொடலாம். கொண்டுவராவிடின் அதைத் தாண்டிச் செல்க.

யப்பானிய எழுத்தாளர் அகுத்தாகவா 1922இல் எழுதிய சிறுகதையொன்றிலே ஒரு கொலையைப் பலர் பலவாறாகச் சொல்வர். 1950இல் குரோசாவா அதைத் தழுவி எடுத்த ராசோமன் என்ற திரைப்படம் உலகப் புகழ் பெற்றது. அங்கே சாட்சிகள் ஒருவரையொருவர் மறுக்கின்றனர். காதற்கதைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நடந்தது இன்னதென்பதில் இருவரும் ஒத்திருக்கலாம்; அதன் பொருளில் வேறுபட்டாற் போதும்.

இதுகாறும் சொன்னதில் அற்புதம் வரவில்லை. அற்புதக் காதல் வேண்டுமாயின் வடமராட்சியில் வளர்ந்தவன் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. அம்மன் கோவில் வீதியிலே நேர்த்திக்காக ஆடப்படும் காத்தவராயன் கூத்தை விடியவிடியப் பார்த்திருப்போம். முத்துமாரியின் மகன் ஆரியமாலைமேற் காதல் கொண்டு, தாய் தடுத்தும் கேளாது, வேடம்மேல் வேடம் புனைந்து, ஈற்றிலே கழுமரம்வரை செல்கின்ற கதை அது. சிந்துநடையிலே காத்தான் ஒரு பாட்டு, மாலை ஒரு பாட்டு என்று மாறிமாறி வரும்போது, பனியிலே சாக்கை விரித்துப் படுத்திருந்த சிறுவன்கூடக் கண்ணைத் திறவாமலே யார் பாடுகின்றார் என்று சொல்லிவிடுவான். மெட்டு அவனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய காலத்தில் மாலையாக ஆடியவரும் ஆடவரே. ஆயினும் பாட்டைக் கேட்டவருக்கு ஐயம் எழவில்லை.

தாளிலே எழுதுபவனுக்கு மெட்டும் இல்லை, மத்தளமும் இல்லை. அதற்கு ஈடாக அவனிடம் உள்ளவை இரண்டு. ஒன்று வாக்கியத்தின் நடை. சுற்றிவளைத்து நினைப்பவர் ஒருவர், வெட்டொன்றாக நினைப்பவர் ஒருவர் என வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மற்றது, அவர்கள் கண்ணில் முதலிற் படும் பொருள். ஒரே மாளிகையுள் நுழைந்தால் போர்வீரன் வாயில்களை எண்ணுவான். அடைக்கப்பட்டு வளர்ந்த பெண் சாளரங்களை எண்ணுவாள். நம் யாழ்ப்பாணத்தவருக்கு மூன்றாவது கருவியும் ஒன்று உண்டு. நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படிகள் நம் பேச்சிலே இன்னும் உயிரோடிருக்கின்றன. பலவிடங்களில் நடுப்படி தேய்ந்துவிட்டது. "நீங்கள்" என்று தொடங்கிய ஒருத்தி எந்த அத்தியாயத்தில் "நீர்" என்று இறங்குகின்றாள், பின் கோபத்தில் எப்போது மீண்டும் "நீங்கள்" என்று ஏறிவிடுகின்றாள் என்பதைக்கொண்டே காதலின் வரலாற்றைச் சொல்லிவிடலாம். "இஞ்சாருங்கோ" என்று அழைக்கும் மனைவி பெயர் சொல்லாத அந்த அழைப்பில் வைக்கும் பொருள்களை எண்ண முடியுமா? கந்தருவ லோகத்துப் பெண் அப்படி அழைப்பாளோ என்று கேட்காதீர்கள். அவள் தமிழிற் பேசுகின்றாளாயின் அவளுக்கும் ஒரு படி வேண்டும்.

இனி நளன் கதை. அற்புதமும் காதலும் இருவர் பார்வையும் ஒருங்கே அமைந்த நூல் ஒன்றைச் சுட்டுமாறு கேட்பின் யான் புகழேந்தியாரின் நளவெண்பாவையே சுட்டுவேன். நானூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்கள். சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என மூன்று பகுதி. பள்ளியிலே சொல்லணியும் உவமையும் மாத்திரம் பார்த்து அதனைக் கடந்து வந்துவிட்டோம். கதையின் கட்டுக்கோப்பை நோக்கி மீண்டும் ஒருமுறை படிக்கத்தக்கது.

தொடக்கத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அன்னம் ஒன்று அவனிடம் அவளைப் பற்றியும் அவளிடம் அவனைப் பற்றியும் சொல்கின்றது. ஆகவே ஒவ்வொருவரும் காதலிப்பது ஒரு சொற்சித்திரத்தையே. பின் இந்திரன் முதலிய தேவர் நால்வரும் தமயந்தியை விரும்பி, அவளிடம் தமக்காகத் தூது செல்லுமாறு நளனையே ஏவுகின்றனர். அவன் வாக்குக் கொடுத்துவிட்டான், போகின்றான். தன் காதலை வாய்விடாமல் பிறர் காதலை எடுத்துரைக்க வேண்டியவன் நிலையை அவன் வாய்மொழியாகவே ஓர் அத்தியாயம் எழுதினால் எப்படியிருக்கும்? யான் மாணவரிடம் முதலிற் கொடுக்கும் பயிற்சி இதுதான். நன்றாக எழுதுவோர் அவள் பேசும்போது அவன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை எழுதுவர்.

அடுத்தது சுயம்வர மண்டபம். நான்கு தேவரும் நளன் உருவிலேயே வந்து அமர்ந்திருக்கின்றனர். மாலையோடு வருபவள் முன் ஐந்து நளர். கண் இமைக்கின்றவன், கால் நிலத்திற் படுகின்றவன், அணிந்த மாலை வாடுகின்றவன் எவனோ அவனே மனிதன் என்று அவள் தெளிகின்றாள். அற்புதத்தைக் கையாளும் முறையை இவ்விடத்திலே கற்றுக்கொள்ளலாம். தேவர் எந்த உருவும் எடுக்கலாம்; ஆனால் இமைக்க அவர்களால் இயலாது. அற்புதத்துக்கு ஓர் எல்லை முன்கூட்டியே இருக்கின்றது. அந்த எல்லையே கதையின் முடிச்சை அவிழ்க்கின்றது. நினைத்தபோதெல்லாம் நினைத்ததைச் செய்யும் மந்திரக்கோல் உள்ள கதையில் யாருக்கும் ஆபத்து இல்லை. ஆதலால் யாருக்கும் காதலும் இல்லை.

இந்த மண்டபக் காட்சியைப் புகழேந்தியார் தமயந்தியின் பக்கம் நின்று காட்டியது சரியான தேர்வு. தெரிந்தெடுக்க வேண்டியவள் அவள். இழப்பதற்கு மிகுதியாக உள்ளவளும் அவளே. எக்காட்சியை எவர் கூற்றில் வைப்பது என்ற ஐயம் எழுந்தால், அக்காட்சியில் யார் மிகுதியாக இழக்கக்கூடும் என்று பார்த்து அவரிடம் கொடுத்துவிடுக. ஆயினும் தன்னைப்போலவே இருக்கும் நால்வரிடையே அமர்ந்திருந்த நளன் என்ன நினைத்திருப்பான்? இமைக்கக்கூடாதென்று முயன்றிருப்பானோ? காவியம் அதைச் சொல்லவில்லை. சொல்லாத இடமெல்லாம் உங்களுக்கு உரியது.

கலிதொடர் காண்டத்தில் சூதாடி நாடிழந்து இருவரும் காட்டுக்கு வருகின்றனர். பொற்பறவை உருக்கொண்ட கலி நளன் ஆடையைக் கவர்ந்து செல்ல, அவள் ஆடை ஒன்றையே இருவரும் உடுத்துப் பாழ்மண்டபத்திற் படுக்கின்றனர். நள்ளிரவில் அவன் அந்த ஆடையை இரண்டாக அரிந்து, அவளைத் துயிலிலே விட்டுப் பிரிகின்றான். போவதும் மீள்வதும் மறுபடி போவதுமாக அவன் தடுமாறுவதை, தயிர் கடைவோர் கையின் போக்குவரவோடு ஒப்பிட்டார் புலவர். இதுவரை நாம் அவனோடு நிற்கின்றோம். அவன் போனதும் புலவர் அவனை விட்டுவிட்டார். விடிகின்றது; அவள் விழிக்கின்றாள். மலைப்பாம்பின் வாயில் அகப்பட்டு, வேடனால் மீட்கப்பட்டு, அவ்வேடனாலேயே துன்புற்று, சேதிநாடு சென்று, ஈற்றில் தந்தை வீடு சேரும்வரை நாம் அவளோடுதான் நடக்கின்றோம். நளன் எங்கே என்று நமக்கும் தெரியாது. கலிநீங்கு காண்டம் திறந்த பின்னரே, தீயினுள் அகப்பட்ட கார்க்கோடகன் அழைக்கும் குரலோடு அவன் திரும்பி வருகின்றான். பாம்பு தீண்டுகின்றது, உரு மாறுகின்றது, பழைய உருவை மீட்கும் ஆடைகளும் அவன் கையிற் கிடைக்கின்றன. வாகுகன் என்ற பெயரோடு அயோத்தி அரசன் இருதுபன்னனிடம் மடைத்தொழிலிலும் தேர்த்தொழிலிலும் அமர்கின்றான்.

இனி வருவதே இருவர் பார்வைக் கதையின் உயிர்நிலை. கணவன் கரிய உருவினன் ஆனான் என்பது தமயந்திக்குத் தெரியாது. அவள் இன்னும் தன்னைத் தேடுகின்றாளா என்பது நளனுக்குத் தெரியாது. இரண்டும் அறிந்தவன் வாசகன் ஒருவனே. அந்த அறிவை அவன் நெஞ்சில் ஏற்றிவிட்டுப் புலவர் தேரைப் பூட்டுகின்றார். அவள் ஓர் அந்தணனிடம் ஒரு கேள்வியைக் கொடுத்து நாடெங்கும் சொல்லி வரும்படி அனுப்புகின்றாள்: இருண்ட காட்டிலே துயின்ற மனைவியைத் தனியே விட்டு நீங்குவது வேந்தற்குத் தகுமோ? கேட்டவர் எல்லாரும் கேட்டுப் போகின்றனர். ஒரு தேர்ப்பாகன் மாத்திரம் விடை சொல்கின்றான். அந்த விடையைக் கொண்டு இரண்டாம் சுயம்வரம் என்ற பொய்ச்செய்தியை அயோத்திக்கு விடுகின்றாள், ஒரே நாளில் அத்துணைத் தூரம் தேர் ஓட்ட வல்லவன் யாரென்று அறிந்தவளாதலால்.

இப்பொழுது அந்தத் தேரிலே நளனை வையுங்கள். தன் மனைவி வேறொருவனை மணக்கப்போகின்றாள் என்று நம்பி, அவளை மணக்க விரும்பும் அரசனையே ஏற்றிக்கொண்டு, தன் முழுத் திறமையோடும் குதிரைகளை முடுக்குகின்றான். மெதுவாக ஓட்டியிருக்கலாமே! ஓட்டவில்லை. ஏன்? புகழேந்தியார் நேராக விடை கூறவில்லை. வாகுகன் கூற்றாக எழுதுபவன் இந்த ஏனுக்கு விடை காணாமல் ஒரு வரியும் நகர முடியாது. தமயந்தி கூற்றாக எழுதுபவனோ வேறொன்றுக்கு விடை காணவேண்டும்: பொய் சொல்லி அழைத்தவளுக்கு, அவன் அதை மெய்யென நம்பி வருவது மகிழ்ச்சியா, வருத்தமா? பின்னர் அவள் பிள்ளைகளை மடைப்பள்ளிக்கு அனுப்புவதும், கரிய சமையற்காரன் அவர்களைத் தழுவி அழுவதும் நீங்கள் அறிந்ததே. அந்த இடத்திற் கூற்றை யாரிடம் கொடுப்பது என்று பலமுறை எண்ணிப் பார்த்தேன். இன்றும் முடிவு காணவில்லை.

கம்பர் மிதிலைக் காட்சிப் படலத்திலே சீதையின் துயரத்தையும் பின் இராமனின் துயரத்தையும் ஒரே இரவில், ஒரே நிலவின்கீழ் அடுத்தடுத்து வைத்தார். அது அழகு. ஆனால் அங்கே இருவரும் ஏறத்தாழ ஒன்றையே நினைக்கின்றனர். கதை நகர்வதற்குப் புகழேந்தியார் வழியே உதவும்.

உரைநடைக்கு வருவோமாயின், ஈழத்துத் தமிழ் நவீனத்தின் தொடக்கத்திலேயே அற்புதம் கலந்திருந்தது. 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி வெளியிட்ட ஊசோன் பாலந்தை கதை, ஐரோப்பியப் பழங்கதையொன்றின் வழிவந்தது. 1921இல் மறைமலையடிகள் கோகிலாம்பாள் கடிதங்கள் என்ற நவீனத்தைக் கடித வடிவில் தந்தார். அதிலே தலைவியின் உள்ளம் அவள் எழுத்தாலேயே திறக்கின்றது. கடிதம் எழுதுபவர் எதிர்காலம் அறியார். ஆகையாற் கடிதக்கதை இருவர் கூற்றுக்கு நல்ல பயிற்சிக்களம். எழுத்துப் பழகுவோர் அங்கிருந்து தொடங்கலாம்.

ஈற்றில் நம் நாட்டுக் கதையொன்று. மாதகல் மயில்வாகனப் புலவர், ஒல்லாந்தர் காலத்தில், 1736ஆம் ஆண்டளவில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையிலே மாருதப்பிரவீகவல்லியின் கதை வருகின்றது. சோழன் மகள், குன்மநோயும் குதிரைமுகமும் உற்றவள், கீரிமலைத் தீர்த்தத்தில் ஆடி நோயும் முகமும் நீங்கப்பெற்றாள், மாமுகம் விட்ட இடம் மாவிட்டபுரம் ஆயிற்று. அங்கே கந்தசுவாமிக்குக் கோவில் எடுக்கத் தொடங்கினாள். அவ்வழி வந்த உக்கிரசிங்கன் என்ற அரசன் அவளைக் கண்டு காமுற்று, இரவிலே கவர்ந்து சென்று மணஞ்செய்தான். கோவிற்றிருப்பணி பின்னும் நடைபெற்றது. காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேசன்துறை எனப்பட்டது என்பர்.

ஆடி அமாவாசைக்குக் கரவெட்டியிலிருந்து கீரிமலைக்குச் செல்வோர் எல்லாரும் இக்கதையைச் சொல்லிக்கொண்டே செல்வர். சிறுவயதில் யானும் கேட்டுக்கொண்டே சென்றேன். அங்கே ஆடவர் நீராடும் கேணி வேறு. பெண்டிர் நீராடும் கேணி வேறு. இப்பாலிருந்து நோக்கினால் அப்பால் நடப்பது தெரியாது. கதையும் அப்படியே நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. அரசன் கண்டான், விரும்பினான், கவர்ந்தான் என்று மூன்று வினைமுற்றும் அவனுக்கு உரியன. அவளுக்கு உரிய வினைமுற்றுக்கள் நீராடினாள், கோவில் எடுத்தாள் என்பன. கவரப்பட்ட அந்த இரவில் அவளுக்கு வினைமுற்றே இல்லை.

யான் ஆசிரியத் தொழில் பார்த்த காலத்தில், ஒரு வகுப்பிலே இக்கதையை இருவர் கூற்றாக எழுதும்படி கொடுத்தேன். முப்பது மாணவரும் உக்கிரசிங்கனைச் சிறப்பாக எழுதினர். குதிரைக் குளம்பொலி, நிலவு, தீவர்த்தி, வாள் ஒன்றும் குறையில்லை. அவள் பகுதிக்கு வந்ததும் பேனாக்கள் நின்றுவிட்டன. சிலர், அவளும் அவனை முன்னரே விரும்பினாள் என்று எழுதி இடரைத் தாண்டினர். அப்படியாயின் இரவிற் கவர்வானேன், பகலிற் கேட்டிருக்கலாமே என்றேன், விடையில்லை. ஒருவன் அவளை மயங்கி விழச்செய்தான். இது கதாசிரியர் பலர் கைக்கொள்ளும் தந்திரம். பேசவேண்டிய இடத்தில் ஒருத்தியை மயங்கவைத்தல் அவள் வாயைப் பொத்துதலே. உண்மையில் இந்த இடரே இருவர் கூற்று முறையின் பெறுமதியைக் காட்டுகின்றது. ஒருவர் கூற்றாக எழுதும்போது வீரமாகத் தோன்றியது, மற்றவர் கூற்றைத் தொடங்கியவுடன் கேள்வியாகி நிற்கின்றது. அதற்கு முகங்கொடுக்க மனமில்லாதவர் இந்த முறையைத் தொடாதிருத்தல் நன்று.

யான் மாணவருக்கு இரண்டு குறிப்பு மாத்திரம் கொடுத்தேன். முதலாவது, அவள் புதிய முகத்துக்கு இன்னும் பழகாதவள். நீரில் தன் நிழலைக் காணுந்தோறும் கை தானாகவே தாடைக்குப் போகும். அரசன் விரும்பியது சில நாட்களே வயதான ஒரு முகத்தை; அவள் வாழ்நாளெல்லாம் சுமந்த முகத்தை அவன் அறியான். இரண்டாவது, தொடங்கிய கோவிலை அவள் கைவிடவில்லை. மணஞ்செய்தபின்னும் பணி நடந்ததாயின், அதை நடத்துவித்தது யாருடைய மனவுறுதி? வைபவமாலை ஒரு வரியிற் கடந்து செல்லும் அச்செய்தியிலிருந்து அவள் குரலைத் தோண்டி எடுக்கலாம்.

பின்வாங்கிலே அதிகம் பேசாத மாணவன் ஒருவன் இருந்தான். கட்டுரைப் பாடத்தில் அவனுக்கு நல்ல புள்ளி என்றும் கிடைத்ததில்லை. அவன் கவர்ந்து சென்ற இரவை எழுதாமலே விட்டுவிட்டான். அவன் அத்தியாயம் மறுநாட் காலையிலே தொடங்கிற்று. அரசன் அரண்மனை வாயிலில் நிற்கின்றான்; அவள் தேரைவிட்டு இறங்கவில்லை. இடத்தையோ இரவையோ பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கோவிலில் அரைகுறையாக நிற்கும் சுவரின் உயரத்தைச் சொல்லி, அதற்கு இன்னும் எத்தனை வண்டிக் கல் வேண்டும் என்று கணக்குச் சொல்கின்றாள். அது முடிந்தபின், அவனை முதன்முறையாக ஏறிட்டுப் பார்த்து, ஒரு கேள்வி கேட்கின்றாள்: "என்னுடைய பழைய முகத்தைப் பற்றி யாரும் உமக்குச் சொன்னதுண்டோ?"

"உங்களுக்கு" என்று எழுதி அடித்துவிட்டு, மேலே "உமக்கு" என்று திருத்தியிருந்தான். விடை அரசன் முறையில் வரவேண்டியது. "உக்கிரசிங்கன் கூற்று" என்று தலைப்பிட்டுக் கீழே கோடும் இழுத்திருந்தான். அதற்குள் மணி அடித்துவிட்டது. யான் தாள்களை வாங்கிக்கொண்டேன்.